ஒன்பதாம் தேதியின் அளவு

பாளையங்கோட்டை
1911 டிசம்பர் 4

தம்பி ஞானசிகாமணிக்கு அக்காள் சாரம்மாள் எழுதுவது.

சுகம் கேட்டுத் தொடங்க வேண்டும். எனக்கு அது வரவில்லை, விட்டுவிடுகிறேன். உன் அத்தானை அடக்கம் பண்ணி மூன்று மாதமும் ஒரு வாரமும் ஆகிறது. மண் போட்டுவிட்டு அன்று சாயங்காலமே தூத்துக்குடிக்கு வண்டி ஏறினவன் நீ. அதற்குப் பிறகு ஒரு காகிதம் போடவில்லை. ஆபீஸில் வேலை அதிகம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நான் இப்போது பெண்கள் போர்டிங்கில் சமைக்கிறேன். தொண்ணூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்து நிமிர்ந்தால் பொழுது போய்விடுகிறது. அது நல்லதுதான்.

நேற்று கோயில் முடிந்து வந்தால் வாசலில் அசன் மைதீன் நிற்கிறார். உங்கள் மீன் இலாகாவின் நீராவிப் படகுக்குத் தண்டல் அவர்தானே, படகை நடத்துகிறவர். மேலப்பாளையத்தில் மகள் வீட்டுக்கு வந்தவர், என்னைப் பார்க்காமல் குலசேகரன்பட்டினம் திரும்ப மனம் வரவில்லையாம். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, ஒங்களுக்குச் சேதி தெரியுமா? ஒங்க வீட்டுக்காரரு, நம்ம அப்பாத்துரை எடுத்த அளவு அம்புட்டையும் இலாகாத் துரை கோடு போட்டு அடிச்சிட்டாரு. சூடு பாக்குத கருவியைக் கடல்ல எறக்காமலே கைக்கு வந்ததை எழுதியிருக்காருன்னு ஆபீஸ்ல பேசுதாங்க."

"எறக்கலையா அண்ணாச்சி?"

"எறக்காம பின்ன? போன நாளெல்லாம் காத்துக்கு எதிரா படகைப் புடிச்சு நிறுத்துனவன் நானுல்லா."

"அதை அங்கன சொன்னீகளா?"

"சொன்னேன். கையெழுத்துப் போடத் தெரியாதவன் கணக்குக்குச் சாட்சி சொல்ல வந்துட்டாம்னு சிரிச்சாங்க. துரைக்குத் தமிழும் கொஞ்சம் வரும், கடலும் கொஞ்சம் வரும். ரெண்டாலயும் நமக்குக் கஷ்டம்தான்."

அவர் போனபின் அடுப்பை மூட்ட மறந்து உட்கார்ந்திருந்தேன். அந்த வேலையைப் பற்றி உன் அத்தான் எனக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். கருவியைக் கயிற்றில் கட்டி இருபத்தெட்டுப் பாகம் இறக்க வேண்டும். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும். பிறகு கயிற்றில் ஒரு குண்டை விட்டால் கருவி அடியில் தலைகீழாய்ப் புரண்டு, அந்த ஆழத்துச் சூட்டை அப்படியே பிடித்துக்கொள்ளும். அதன் பின் மடிவலை இழுத்து, காரல் எத்தனை, சாளை எத்தனை, விளமீன் எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றையும் பலகையில் வைத்து நீளம் பார்க்க வேண்டும். மீன் ஒரு மாதம் ஏன் வருகிறது, ஒரு மாதம் ஏன் வருவதில்லை என்பதற்கு இதில்தான் விடை இருக்கிறது என்பார்கள். அந்த ஈரத்தில் நின்று காய்ச்சலை வாங்கிக்கொண்டு வந்து என் மடியில் செத்தார்கள். இறக்காமல் எழுதினார்கள் என்றால் நான் நம்ப வேண்டுமா?

நீ அந்த ஆபீஸில் நகல் எழுதுகிறவன். உனக்குத் தெரியாமல் இது நடந்திராது. என்ன நடந்தது என்று எழுது.

சாரம்மாள்


தூத்துக்குடி
1911 டிசம்பர் 11

தாய் ஸ்தானத்திலிருக்கும் அக்காள் அவர்களுக்கு, தம்பி ஞானசிகாமணி வந்தனத்துடன் எழுதிக்கொண்டது.

தாங்கள் துயரத்திலிருக்கும்போது இதையும் சொல்ல வேண்டாம் என்றே நான் காகிதம் போடவில்லை. அசன் மைதீன் முந்திக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஆகஸ்டு முதல் தேதி தொடங்கிப் பதினோரு நாள் அத்தான் குலசேகரன்பட்டினத்துக்குக் கிழக்கே எடுத்த அளவுகளில், கடலடித் தண்ணீரின் சூடு பாரன்ஹீட் கணக்கில் எழுபத்துமூன்று, எழுபத்துநான்கு டிகிரி என்றே வந்திருக்கிறது. வடக்கே மற்றவர்கள் எடுத்ததில் எண்பத்திரண்டுக்குக் குறையவில்லை. ஆகஸ்டு வெயிலில் அவ்வளவு குளிர்ச்சிக்கு நியாயமில்லை என்று துரை அவர்களுக்கு முதலிலேயே சந்தேகம்.

அதற்குமேல் ஒன்பதாம் தேதி. அன்று காற்று மிகுதியால் படகு மணப்பாட்டு முனையின் மறைவில் நாள் முழுதும் நங்கூரத்தில் கிடந்ததாக எஞ்சின் டிரைவரின் நாட்குறிப்பில் இருக்கிறது. நகலிலோ அன்றைக்கும் நடுக்கடலின் அளவு எழுபத்துமூன்றரை என்று எழுதியிருக்கிறது. போகாத இடத்துக்கு அளவு எழுதியவர் மற்ற நாட்களில் என்ன செய்திருப்பார் என்று துரை கேட்டார்கள். ஆகவே பதினோரு நாளையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். அறிக்கை அச்சாகும்போது அவை இராது.

இதனால் தங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஊருக்கும் இது தெரியப்போவதில்லை. அத்தான் இப்போது இருக்கிற இடத்தில் துரை கிடையாது, அறிக்கையும் கிடையாது. மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. அத்தான் படகில் எழுதிய கைப்புத்தகம் அவர்கள் பெட்டியில் இருந்தால் எனக்கு அனுப்பிவைக்கவும். அது இலாகாவின் சொத்து. தாங்கள் அதைத் திறந்து பார்த்து வருத்தப்பட வேண்டாம்.

பியூலாவுக்கு இது ஏழாம் மாதம். வந்தனம் சொல்லச் சொன்னாள்.

ஞானசிகாமணி


பாளையங்கோட்டை
1911 டிசம்பர் 18

தம்பிக்கு,

திறக்க வேண்டாம் என்று நீ எழுதியதால் திறந்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் எண் தெரியும், தமிழ் தெரியும், அவர்கள் கையெழுத்தும் தெரியும். புத்தகம் உப்பில் விறைத்திருக்கிறது. பக்கங்களுக்கு நடுவே மீன் செதிள் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் கருவி இறக்கின நேரம், கயிறு எவ்வளவு சாய்ந்தது, எத்தனை பாகம், என்ன சூடு என்று வரி வரியாய் இருக்கிறது. ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் எண்ணே இல்லை. தமிழில் ஒரு வரி மட்டும் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: "காற்று பலம். மணப்பாட்டில் நங்கூரம். கருவி இறக்கவில்லை."

எழுபத்துமூன்றரை இந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

நகல் எழுதும் நாளில் அவர்கள் இங்கே காய்ச்சலில் கிடந்தார்கள். நீதான் அங்கே எழுதினாய். எழுதி முடித்து அவர்கள் பெட்டியிலேயே புத்தகத்தை வைத்து இங்கே அனுப்பினாய். அந்த எண் எங்கிருந்து வந்தது?

வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

சாரம்மாள்


தூத்துக்குடி
1912 ஜனவரி 3

அக்காளுக்கு,

மூன்று காகிதம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்த எண்ணை நான்தான் போட்டேன்.

ஆபீஸில் நகலில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் தலைமைக் குமாஸ்தா தாளையே திருப்பி முகத்தில் எறிவார். "என்னவே இது, பல்லு விழுந்த வாய் மாதிரி?" என்பார். மழைக் கணக்கானாலும் உப்புக் கணக்கானாலும் காலி விழுந்த இடத்தில் முன்னாளையும் பின்னாளையும் கூட்டிப் பாதியாக்கிப் போடுவது நாங்கள் எல்லாரும் செய்கிறதுதான். எட்டாம் தேதி எழுபத்துமூன்று, பத்தாம் தேதி எழுபத்துநான்கு. நடுவே எழுபத்துமூன்றரை. அதைப் பொய் என்று நான் நினைக்கவே இல்லை. கோடு போட்டு, மை ஒற்றி, அழகாய் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

துரை நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது நான் தாள்களை அடுக்கிக்கொண்டு நின்றேன். மறுநாள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் துரையே அத்தான் பெயரைச் சொல்லிவிட்டார்கள். கைப்புத்தகம் எங்கே என்றதற்குக் காணோம் என்றேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கடினமாயிற்று.

அக்காள், இப்போது சொன்னால் என்னை வேலையைவிட்டு நீக்கிவிடுவார்கள். பியூலா இருக்கிற நிலையில் நான் எங்கே போவேன்? ஒரு வழி இருக்கிறது. வருகிற ஆகஸ்டில் அதே பதினோரு இடத்துக்குத் துரை தாமே படகில் போய் அளவெடுக்கப்போகிறார்கள். தண்ணீர் அப்படியே குளிர்ந்திருந்தால் அத்தான் எழுதியது மெய் என்று தன்னால் தெரிந்துவிடும். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று காலில் விழுந்து கேட்கிறேன்.

ஞானசிகாமணி


பாளையங்கோட்டை
1912 ஜனவரி 9

தம்பிக்கு,

உன் காகிதத்தை வாசித்துவிட்டு அன்று குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் பேசாமல் தின்றார்கள். அதுதான் எனக்கு அதிகமாய் உறைத்தது.

நீ எண்ணைப் போட்டது எனக்குப் பெரிதாய்த் தெரியவில்லை. குமாஸ்தா புத்தி என்று விட்டுவிடுவேன். செத்தவர்மேல் அது விழுந்தபோது பார்த்துக்கொண்டு நின்றாயே, அதைத்தான் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மா போனபின் உனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினது அவர்கள். உன்னை அந்த ஆபீஸில் சேர்த்துவிட்டதும் அவர்கள்தான். இதைச் சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

பியூலாவுக்காக ஆகஸ்டு வரை பொறுப்பேன். அதற்குமேல் இல்லை. புத்தகத்தை அனுப்பமாட்டேன். உன் பயத்தை நம்பி அதைத் தபாலில் போட எனக்குத் தைரியம் இல்லை.

பிரசவத்துக்கு முன் அவளுக்குக் கொடுக்க உளுந்தங்களி மாவு இடித்து வைத்திருக்கிறேன். வண்டிக்காரர் ஆவுடைநாயகம் வரும்போது கொடுத்துவிடுகிறேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

சாரம்மாள்


தூத்துக்குடி
1912 ஆகஸ்டு 19

அக்காளுக்கு,

துரை நேற்று முன்தினம் திரும்பினார்கள். பதினோரு இடத்திலும் புதுக் கருவியால் எடுத்திருக்கிறார்கள். எண்பத்தொன்று, எண்பத்தொன்றரை, எண்பது. எழுபதுகளில் ஓர் எண்கூட இல்லை. வலையில் விளமீனும் மிகக் குறைவு. அத்தான் கணக்கில் ஒரே இழுப்பில் இருநூற்றுக்குமேல் இருந்தது, துரைக்குக் கிடைத்தது ஒன்பது.

பழைய தாளை எடுத்துச் சிவப்புக் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டார்கள். நான் பக்கத்தில் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடலே இப்படிச் சொன்ன பிறகு நாம் என்ன செய்யக் கூடும்? அத்தானுக்குக் கொடுத்த கருவியில் பழுது இருந்திருக்கலாம். இப்போது நான் வாய் திறந்தாலும் ஒரு நாள் பொய் என்னுடையது, மற்ற பத்து நாள் பொய் அவருடையது என்றுதான் ஆகும். என் குடும்பமும் போகும், அவர் பேரும் மீளாது. இதோடு விட்டுவிட வேண்டும். பிள்ளைக்கு ஐந்து மாதமாகிறது, அத்தானும் நமக்கு அத்தை மகன்தானே, அவர் சாயல் என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது கேட்க முடியவில்லை.

ஞானசிகாமணி


பாளையங்கோட்டை
1912 ஆகஸ்டு 26

தம்பிக்கு,

அவர்கள் போய் நாளையோடு வருஷம் ஒன்று.

உன் காகிதம் வந்த அன்று கருவி பழுதோ, காய்ச்சல் மயக்கத்தில் எழுதினார்களோ என்று ஒரு பகல் முழுவதும் நானே அவர்களைச் சந்தேகப்பட்டேன். அந்தப் பாவம் எனக்கு.

மறுநாள் துணி துவைக்க ஆற்றுக்குப் போனேன். ஆற்று நடுவில் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோவிலை நீ பார்த்திருக்கிறாய். ஒரு வருஷம் ஐப்பசியில் கோபுரம் தவிர எல்லாம் முழுகிவிடும். மறு வருஷம் ஐப்பசியில் படிகூட நனையாது. இந்த வருஷம் வெள்ளம் வரவில்லை என்பதற்காகப் போன வருஷம் வெள்ளத்தைப் பார்த்தேன் என்கிறவனைப் பொய்யன் என்போமா? ஒரு தாமிரபரணி இப்படி மாறுமானால், அவ்வளவு கடல் மாறாதா? இதைத் துரையிடம் கேட்க ஒரு படித்தவன் அங்கே இல்லையா?

எனக்கே நிச்சயப்படவேண்டும் என்று மேலப்பாளையத்தில் தண்டலின் மகள் மைதீன் பாத்திமா மூலம் சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை அவரே வந்தார்.

"அண்ணாச்சி, இந்த வருசம் தண்ணி குளிரலையாமே?"

"குளிரல. காத்து அம்புட்டாப் பிடிக்கலையே. போன வருசம் சுழட்டிச் சுழட்டி அடிச்சுது, அடித்தண்ணி மேல வந்துச்சு, விளமீனும் கூட வந்துச்சு. எங்க தெருவுல பூனைகூட விளமீனை மோந்து பாத்துட்டுப் போயிரும், அம்புட்டு மீனு."

"துரை ஒரே மாரி இருக்கணும்னு எதிர்பாக்காராம்."

"கடல் என்ன மளிகைக்கடையா தங்கச்சி, போன வருசச் சரக்கை அதே தட்டுல வச்சிக்கிட்டிருக்க?"

அப்படியானால் தம்பி, போன வருஷத்துக் கடலை இனி எவனும் போய் அளக்க முடியாது. அது போய்விட்டது, அவர்களைப் போல. அதைப் பார்த்து எழுதினவர் ஒருவர்தான், எழுதினது இந்தப் புத்தகம் ஒன்றுதான். இதுவும் பொய் என்றானால் அந்தப் பத்து நாள் கடல் யாருக்குமே இல்லாமல் போய்விடும். இன்னொரு வருஷம் காத்திருந்து பயன் இல்லை. நீ சொல்வது ஒன்றுதான் பாக்கி.

இன்னொன்றும் பார். பொய் எழுதுகிறவர் ஒன்பதாம் தேதியை ஏன் விட்டுவைத்தார்? ஒரு எண்ணைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? இதை நீ துரைக்குச் சொன்னால் அவர்கள் யோசிப்பார்கள். நீ சொல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக்கு அர்த்தமே இல்லை.

செப்டம்பர் நாலாம் தேதி புதன்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். புத்தகத்தை ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் திறந்து துரை மேசையில் வைப்பேன். உன்மேல் ஒரு குறையும் என் வாயால் வராது. துரை அதைப் பார்த்துக் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்வார்கள். அதற்கு முன் நீயாய்ச் சொல்லிவிட்டால் உனக்கு நல்லது. நான் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. வருகிற நாளைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சாரம்மாள்


தூத்துக்குடி
1912 செப்டம்பர் 2

அக்காளுக்கு,

இன்று காலை சொல்லிவிட்டேன்.

உங்கள் காகிதத்தைப் பியூலா வாசித்துவிட்டாள். நான் ஒளித்து வைத்திருந்தேன், எடுத்துவிட்டாள். பிறகு, "ஒங்க அக்கா வந்து சொல்லுத வரைக்கும் இருக்கப் போறீகளா? நான் பிள்ளையைத் தூக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருதேன், நீங்க வேலையைக் கட்டிக்கிட்டு இருங்க" என்றாள்.

துரை அறைக்குள் போய் நின்றேன். எண் என்னுடையது, புத்தகம் காணாமல் போகவில்லை, காலியாய் இருந்ததை நான் நிரப்பினேன் என்றேன். துரை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்கள். பிறகு திரும்பி, "எத்தனை தாளில் இப்படிச் செய்திருக்கிறாய்?" என்றார்கள். தெரியாது என்றேன். அதுதான் அவர்களுக்கு அதிகமாய்க் கோபம் மூட்டியது. நாலு வருஷத்து நகல்களையும் இனி மூலத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். தலைமைக் குமாஸ்தா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வேலையைவிட்டு நீக்கவில்லை. குலசேகரன்பட்டினத்தில் மீன் உப்பிடும் கொட்டகைக்குக் காவல் குமாஸ்தாவாக மாற்றிவிட்டார்கள். சம்பளம் குறைவு. நாளைக் காலையே புறப்பட வேண்டும். தாங்கள் வரும்போது நான் இரேன். அத்தானின் பத்து நாளையும் ஏற்பதா என்று புத்தகத்தைப் பார்த்தபின் சொல்வதாகத் துரை சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன ஆற்று நியாயத்தையும் தடுமாறிச் சொன்னேன். துரை அதை எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு இப்போது பயமும் இல்லை, சமாதானமும் இல்லை. வெறுமையாய் இருக்கிறது.

ஞானசிகாமணி


பாளையங்கோட்டை
1912 செப்டம்பர் 8

தம்பிக்கு,

போய் வந்துவிட்டேன். நீ இல்லாததால் நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டு மணி நேரம் வெளி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். துரை கூப்பிட்டபோது உட்காரச் சொன்னார்கள், நான் நின்றேன். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாய் விரல் வைத்துப் பார்த்தார்கள். நடுவே ஒரு செதிளை நகத்தால் எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார்கள். "இந்தச் சாய்ந்த கோடு எதற்கு?" என்றார்கள். படகு ஓடினால் கயிறு சாயும், சாய்ந்தால் பாகக் கணக்கு குறையும், அதற்காக எவ்வளவு சாய்ந்தது என்று வரைந்து வைப்பார்கள் என்று சொன்னேன். துரை என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கே படித்தாய் என்று கேட்டார்கள். அடுப்படியில் என்றேன்.

கடைசியில் பழைய தாளை வரவழைத்து, சிவப்புக் கோட்டின் ஓரத்தில் இவை செல்லும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நீ போட்ட எண்ணை மட்டும் சுரண்டச் சொன்னார்கள். அறிக்கையில் பத்து நாளும் வரும். காற்று உள்ள வருஷம், இல்லாத வருஷம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இனி ஐந்து வருஷம் விடாமல் பார்க்கப்போகிறார்களாம்.

அதோடு என்னைப் போகச் சொன்னார்கள். அளந்தவர் பேர் அச்சில் வருமா என்று கேட்டேன். அளக்கிறவர்கள் பேரை அச்சில் போடுவது வழக்கமில்லை என்றார்கள். "பொய் என்று சொன்னபோது மட்டும் பேர் சொன்னீர்களே ஐயா" என்றேன். பக்கத்தில் நின்ற தலைமைக் குமாஸ்தா பதறி, "ஏம்மா, யார்கிட்ட பேசுதோம்னு தெரிஞ்சு பேசும்" என்றார். துரை கையைக் காட்டி அவரை நிறுத்தினார்கள். பிறகு பேரை என்னையே சொல்லச் சொன்னார்கள். உனக்குத் தெரியும், நான் வாய்விட்டு அவர்கள் பேரைச் சொன்னதே இல்லை. அன்று சொன்னேன். அப்பாத்துரை என்று இரண்டு தரம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது மணியாச்சியில் வண்டி மாற உட்கார்ந்திருந்தேன். அங்கே அழுதேன். செத்த அன்று அழுததற்குப் பிறகு அன்றுதான். பக்கத்தில் இருந்த அம்மாள், ஊரில் ஏதும் துக்கமா என்று கேட்டாள். ஆமாம், புருஷன் தவறிவிட்டார் என்றேன். நேற்றா என்று கேட்டாள். ஆமாம் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நீ எதிர்பார்த்து இதை வாசிப்பாய். போகவில்லை. நீ சொன்னாய், அது நல்லது. ஒரு வருஷம் சொல்லாமல் இருந்தாய், அதுவும் இருக்கிறது. போகிற அன்று எழுதுகிறேன், போவதற்கு முன் எழுதமாட்டேன்.

அந்தக் கொட்டகையில் மீன் நாற்றமும் உப்புக் காற்றும் ஐந்து மாதப் பிள்ளைக்கு ஆகாது. நல்ல வீடு கிடைக்கிறவரை பியூலாவையும் பிள்ளையையும் இங்கே அனுப்பு. ஆவுடைநாயகத்தின் வண்டி வியாழக்கிழமை அந்தப் பக்கம் வருகிறது. சொல்லிவிட்டேன். தொட்டில் கட்ட உத்தரத்தில் கயிறும் போட்டுவிட்டேன்.

சாரம்மாள்